இடது முன்சக்கரம்

எங்கள் பிக்கப் வண்டிக்கு இடது முன்சக்கரம் என்று ஒன்று இல்லாமலிருந்தால் நான் இன்னும் இரண்டு வருடம் கூடுதலாக உயிரோடு இருப்பேன். மற்ற மூன்றும் சொன்ன பேச்சைக் கேட்டு உருண்டன. இது ஒன்றுதான் அந்த மார்கழி முழுக்க என் உயிரை வாங்கியது. அந்த எரிச்சலில் நான் இன்னொருவர் உயிரை வாங்கினேன். அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஜனக்புரியில் வீட்டின் கீழ்த்தளத்தில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். காலை ஆறரைக்குள் மாவு துவாரகா அடுக்குமாடிகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கிருந்து வண்டி கோல் மார்க்கெட் பக்கத்துப் பழைய வாடிக்கைகளுக்குப் போகும். எட்டு மணிக்கு ஆபீஸ் கேப் ஏறுகிற பெண்ணுக்கு ஏழே முக்காலுக்கு மாவு கொடுத்து என்ன பயன்? அவள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்விக்குறி போடுவாள். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் போடுவார்கள். டெல்லிக் குளிரில் மாவைப் பொங்க வைப்பதே பெரிய பாடு. டிரம்மைச் சுற்றிக் கனத்த பஞ்சு ரஜாய் போர்த்தி, பக்கத்தில் ஹீட்டர் வைத்து, பிள்ளை பெற்றவளைக் கவனிப்பதுபோலக் கவனிக்க வேண்டும். இத்தனையும் செய்து மாவு பொங்கி நின்றால், வண்டி நகராது.

வண்டியை ஓட்டியவர் விழுப்புரம் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். நான் தம்பி என்பேன், அவர் அக்கா என்பார். மனைவி நாலு வீட்டில் வேலை செய்கிறாள், மகள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், ரயில் பாதை ஓரத்துக் குடியிருப்பில் வீடு. ஐந்து வருடத்தில் நான் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டது இவ்வளவுதான். அந்த ஐந்து வருடத்தில் ஒரு டிரம் மாவுகூடச் சரிந்ததில்லை. டெல்லியில் பத்தடிக்கு ஒரு வேகத்தடை. தெரியும்தானே?

வண்டியோடு சம்பந்தப்பட்ட மற்றொருவர் என் கணவர். நாங்கள் நாகர்கோவில்காரர்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றதும் சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் பூங்காவில் நடப்பார்கள். இவர் யூடியூபில் வண்டி ரிப்பேர் பார்க்கத் தொடங்கினார். மிக்ஸியைப் பிரித்தார், கீசரைப் பிரித்தார். பிரித்ததை மாட்டும் வீடியோ எங்கே இருக்கிறது என்று அப்புறம் தேடுவார். அவர் கண் பிக்கப் மேல் விழுந்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு டிரைவர் தம்பி பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தார். நாங்கள் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பது வழக்கம். அந்த வருடம் இவர், "முன்னால பிரேக் பேட் தேஞ்சிருக்கு. நானே மாத்திருகேன். எதுக்கு மெக்கானிக்கு?" என்றார். பேட் இரண்டு ஜோடி வாங்கி வைத்திருந்தார். முன்சக்கரத்துக்குள் ஒரு இரும்புத் தட்டு சுற்றும். அதை இரண்டு பக்கமும் இந்தப் பேட்களால் இடுக்கிபோலக் கவ்விப் பிடிப்பதுதான் காலிப்பர். பிரேக்கை அழுத்தினால் பிடிக்க வேண்டும், காலை எடுத்தால் விட வேண்டும். அது லேசாக முன்னும் பின்னும் நகர்வதற்கு விரல் நீளத்தில் இரண்டு இரும்புப் பின்கள் உண்டு. இவ்வளவு ஞானமும் அன்றைக்கு அவர் பக்கத்தில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றதில் வந்தது. வலது சக்கரம் முடியவே மதியமாகிவிட்டது. பேட்டோடு வந்த கிரீஸ் பொட்டலம் அதிலேயே தீர்ந்தது. தசராவுக்காகக் கடையெல்லாம் சாத்தியிருந்தது. எனக்குச் சுண்டல் தாளிக்க வேண்டும், பூஜைக்கு நேரமாகிறது, இவரோ கையில் கறுப்பு மசியோடு வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார். ஒரு வழியாக இடது சக்கரத்தையும் முடித்து, மாட்டி, பொட்டு வைத்தோம். தம்பி திரும்பி வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாருக்குதுக்கா" என்றார். என் கணவர் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தார்.

கார்த்திகை கடைசியில் தொடங்கியது வினை. காலையில் கிளம்பியதும் வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றார் தம்பி. அடுத்த நாள் இடது முன்சக்கரம் தொட முடியாமல் சுடுகிறது என்றார். மூன்றாம் நாள் அதன்மேல் தண்ணீர் தெளித்துக் காட்டினார். தோசைக்கல்லில் தெளித்த மாதிரி சுர்ரென்றது.

"ஒரு மாதிரி வாசன கூட வருதுக்கா," என்றார். "முறுக்கு சுடற மாதிரி."

"காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்தா எல்லாம் முறுக்கு வாசமாத்தான் இருக்கும்," என்று சொல்லி உள்ளே போய் அவருக்கு நான்கு இட்லி வைத்தேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சுற்று முடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். பின்னாலேயே நானும் போனேன். மெக்கானிக் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி ஒரு விரலால் தட்டினார். அது ராட்டினம்போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மேடம், காடி தோ மக்கன் ஹை," என்றார். வண்டி வெண்ணெயாம்.

"பையா, சுபே ஜாம் ஹோதா ஹை," என்றேன். காலையில் பிடித்துக்கொள்கிறது என்று.

"தோ சுபே லாயியே," என்றார். காலையில் கொண்டு வாருங்கள். அவர் கடை திறப்பது பத்தரைக்கு.

இதே நாடகம் ஐந்து முறை நடந்தது. வீட்டில் அனலாய்க் கொதிக்கிற பிள்ளை டாக்டர் வீட்டு வாசலில் சிரித்துக்கொண்டு நிற்குமே, அதே கதை. காலையில் ஒரு மணி நேரம் பிடித்து வைத்து, சுட்டு, நாற்றமடித்து, பிறகு தானாகவே விட்டுவிடும். மெக்கானிக்கிடம் போகும்போது அது பரம சாது. அவரும் நான் போட்ட சத்தத்துக்காக பிரேக் ஆயிலை மாற்றினார், ஒரு ரப்பர் குழாயை மாற்றினார். மறுநாள் காலை மறுபடி சுர். எனக்கு மெக்கானிக் மேல் கோபம், கணவர் மேல் கோபம், பனிமூட்டத்தின் மேல் கோபம், சிவப்பு விளக்கில் கண்ணாடியைத் தட்டுகிறவர்கள் மேல்கூடக் கோபம்.

அப்போது என் கணவர் ஒரு வீடியோ கண்டுபிடித்தார். "பாத்தியா! சில டிரைவர்மாரு ஓட்டும்போது பிரேக் மேலயே கால வச்சிருப்பாங்களாம். அதான் சூடாகுது. நம்ம ஆளும் அதத்தான் செய்யான்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. பட்டது என்பதைவிட, பழியைத் தூக்கிப் போட எனக்கு யாராவது ஒருவர் தலை தேவைப்பட்டது என்பதுதான் உண்மை. மறுநாள் காலை நேராகவே கேட்டேன்.

"தம்பி, நீங்க பிரேக் மேல கால வச்சுக்கிட்டே ஓட்டுதியளா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இல்லக்கா. சத்தியமா இல்லக்கா."

"தெரியாம வச்சிருப்பிய. குளிர்ல கால் மரத்துப் போச்சுன்னா வச்சது தெரியாதுல்லா?"

அவர் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையே ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. அன்றிலிருந்து தினமும் சாவியைக் கொடுக்கும்போது, "கால், கால்" என்று சொல்லி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அவர் ஷூவைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுவதைப் பார்த்தேன். சாப்பாட்டுச் சாமான் ஏற்றுகிற வண்டி என்ற மரியாதை போலும் என்று நினைத்து மனதுக்குள் மெச்சிக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருந்தது. அன்று சாதாரண நாளைப்போல இரண்டு மடங்கு மாவு. துவாரகா போகும் வழியில் மேம்பாலத்தின் மேல் இடது சக்கரத்திலிருந்து புகை வந்து வண்டி நின்றுவிட்டது. பின்னால் பத்து வண்டிகள் ஹாரன். தம்பி ஃபோன் பண்ணினார். நான் ஆட்டோ பிடித்துப் போனேன். பனியில் ஆள் முகம் தெரியவில்லை. அவர் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். என் ஃபோனில் கேள்விக்குறிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. ஒருத்தி, இனிமேல் பாக்கெட் மாவு வாங்கிக்கொள்கிறேன் என்றே எழுதிவிட்டாள்.

"எத்தன தடவ சொன்னேன்? எத்தன தடவ? கால் வைக்காத, கால் வைக்காதன்னு!" நீங்க போய் நீ வந்துவிட்டது.

"வக்கலக்கா."

"அப்ப பேயா வந்து மிதிக்குது? போதும். வண்டிய வீட்டுல விட்டுட்டுச் சாவியக் குடுத்துரு. நாளையிலருந்து வர வேண்டாம்."

அவர் எழுந்து நின்றார். சக்கரம் ஆறியதும் வழக்கம்போல எல்லா வீட்டுக்கும் மாவைக் கொடுத்து முடித்தார். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, டிரம்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாவியை என் கையில் தராமல் ஷெல்ஃபில் வைத்துவிட்டுப் போனார். கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து ஷூ போட முயன்றதைப் படியிலிருந்து பார்த்தேன். போடவில்லை. இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். கோபத்தில் அப்படிப் போகிறார் என்று நினைத்தேன்.

அடுத்த மூன்று நாள் நான் பட்ட பாட்டை என் எதிரியும் படக்கூடாது. ஆட்டோக்காரர் டிரம்மைப் பார்த்ததும் ஓடிவிடுவார். ஒருவர் ஏற்றினார், வேகத்தடையில் அரை டிரம் மாவு அவர் சீட்டுக்குப் போயிற்று. நான்காம் நாள் ஒரு புது டிரைவர் வந்தார். வந்தவரை நான் முதலில் நிற்க வைத்துக் கால் பற்றிப் பாடம் எடுத்தேன். அவர் வண்டியை எடுத்துத் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

"மேடம், இடது சக்கரம் ஜாம். இந்த வண்டிய நான் ஓட்ட மாட்டேன்," என்று இந்தியில் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டார்.

தெருமுனைக்குள் எவ்வளவு நேரம் பிரேக்கில் கால் வைத்திருக்க முடியும்? நேராக மெக்கானிக் வீட்டுக்குப் போனேன். கடைக்கு இல்லை, வீட்டுக்கு. காலை ஏழு மணி. மங்கி கேப்பும் சால்வையுமாகக் கதவைத் திறந்த மனிதரிடம், "ஜாம் பார்க்கணும்னு சொன்னீங்கல்ல, இப்ப ஜாமாகி நிக்குது, வாங்க" என்று எனக்குத் தெரிந்த இந்தி அத்தனையையும் கொட்டினேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டே டூல் பையை எடுத்தார்.

எங்கள் வாசலில் வைத்தே சக்கரத்தைக் கழற்றினார். காலிப்பரைக் கையால் அசைத்தார். அசையவில்லை. போல்ட்டைக் கழற்றிப் பின்னைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. சுத்தியலால் தட்டி, முறுக்கி, பல்லைக் கடித்து இழுத்ததும் தொப்பென்று கையோடு வந்தது. அதைச் சுற்றி அழுக்கேறிய மெழுகுபோல ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. பின்னை மூடுகிற ரப்பர் உறை உப்பித் தளர்ந்து தொங்கியது. அவர் அதை நகத்தால் சுரண்டினார். உள்ளே வெள்ளை. மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம், யே கிஸ்னே லகாயா? நாரியல் கா தேல்?"

தேங்காயெண்ணெய். இதை யார் தடவியது என்று கேட்கிறார். அப்போதுதான் எனக்கு எல்லாம் கண்முன்னால் வந்தது. ஆயுத பூஜை மதியம். தீர்ந்துபோன கிரீஸ். இவர் வீடியோவை நிறுத்தி, "இனி என்னத்தப் போட?" என்று கேட்டபடி நிற்கிறார். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் வெட்டுகத்திக்கு, தேங்காய்த் துருவிக்கு, தையல் மெஷினுக்கு, கதவுக் கீலுக்கு, எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு சொட்டு தேங்காயெண்ணெய். நாகர்கோவில்காரிக்கு அது எண்ணெய் மட்டுமில்லை, சகல ரோக நிவாரணி. கையில் அந்தக் கிண்ணம்தான் இருந்தது. சுண்டலுக்கு நேரமாகிறது என்ற அவசரம் வேறு. "இங்க குடுங்க," என்று பின்னைப் பிடுங்கி, எண்ணெயில் நன்றாகத் தோய்த்து, நானே, என் கையாலேயே, உள்ளே தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, "உங்க கிரீஸ விட இதுதான் நல்லாருக்கு" என்று வேறு சொன்னேன்.

அது ஐப்பசியில். டெல்லியில் ஒவ்வொரு வருடமும் கார்த்திகை வந்தால் எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய் பாட்டில் பால்கனி வெயிலுக்குக் குடிபோகும். அன்று காலைகூட நான் அதை ஸ்பூன் காம்பால் குத்தித்தான் தலைக்கு எடுத்தேன். மாவுக்குக் குளிரும் என்று ரஜாய் போர்த்தத் தெரிந்த எனக்கு, சக்கரத்துக்குள் இருக்கிற எண்ணெயும் அதே ஊரில்தான் இருக்கிறது என்பது தோன்றவில்லை. காலையில் உறைந்து பிடிக்கும். ஓடிச் சூடானதும் உருகி விடும். கூடவே முறுக்கு வாசம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தைக்கூடச் சொல்லவில்லை, மனுஷனைச் சொன்னேன்.

"நான் டிரைவர்தான் கால் வைக்கிறார்னு..." என்று மெக்கானிக்கிடம் இழுத்தேன்.

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "பாவ் ரக்தா தோ தோனோ பஹியே கரம் ஹோதே." கால் வைத்திருந்தால் இரண்டு சக்கரமும் அல்லவா சூடாகியிருக்கும்.

இதை ஐந்து வயதுக் குழந்தை யோசித்திருக்கும். பெட்ரோலால் கழுவி, புது ரப்பர் உறை போட்டு, சரியான கிரீஸ் வைத்து அவர் மாட்டி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. என் கணவர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவரிடம் சண்டை போடவும் எனக்கு வாயில்லை.

பதினொரு மணிக்கு தம்பியின் வீட்டைத் தேடிப் போனேன். ஐந்து வருடத்தில் முதல் தடவை. இரண்டு பேரிடம் விசாரித்துத்தான் கண்டுபிடித்தேன். வெயில் லேசாக அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காலையும் வெந்நீர்ப் பேசினுக்குள் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் போனார், முடியவில்லை. விரல்களெல்லாம் சிவந்து, நீலம் பாரித்து, வீங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

"என்ன தம்பி இது?"

ஒரு கிண்ணத்தில் எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்த அவர் மனைவிதான் சொன்னாள். அவளுக்கு என் மேல் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"குளிர்ல வெறுங்கால்லயே ஓட்டினாருக்கா, ரெண்டு மூணு வாரமா. ஏன்யா இப்பிடின்னு கேட்டா, ஷூ போட்டா கால் பிரேக்குல படுதா இல்லியான்னு தெரில, அக்கா சொல்றாங்க, நமக்குத் தெரியாமப் படுதோ என்னவோ, வெறுங்கால்னா தெரியும்னாரு." கட்டிலோரம் உட்கார்ந்து அவர் காலைத் துடைத்தாள். "கடுகெண்ணதான் தடவறேன். தேங்காயெண்ண இந்த ஊருக் குளிருக்கு ஆகாதேக்கா. கட்டியாயிடுது."

நான் அங்கேயே, கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. ஆயுத பூஜை, கிரீஸ், எண்ணெய், மெக்கானிக், எல்லாவற்றையும் முன்னுக்குப் பின்னாகக் கொட்டினேன். அவர் மனைவியின் கை எண்ணெய்க் கிண்ணத்திலேயே நின்றுவிட்டது.

தம்பி திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப," என்றார், "என் காலு இல்லியாக்கா?"

"இல்ல தம்பி. என் கை."

அவர் தலையை ஆட்டினார். வலது காலைப் பேசினிலிருந்து மெதுவாக எடுத்துக் கட்டிலின் மேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வருவீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"வரேன்கா. ரெண்டு நாள் போவட்டும். ஷூ உள்ள போவ மாட்டேங்குது."